எம்.எஸ். உள்ளவர்கள் ஃபுட் டிராப் பிரேஸ் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் உங்கள் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஷூவின் முன்நுனி மட்டும் தேய்ந்திருந்தால், நடக்கும்போது அந்தப் பாதம் சரியாகத் தூக்கப்படாமல் தரையை உரசுகிறது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு மண்டல நோய் உள்ள எனக்கு ஃபுட் டிராப், அதாவது பாதத் தொய்வு, இப்படித்தான் முதலில் தெரிய வந்தது.

தொய்ந்த பாதத்தைத் தூக்கிப் பிடிக்கக் காலில் மாட்டும் சாதனம்தான் பிரேஸ். முதல் பிரேஸை ஒரு காலை நேரத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த காலோடு போய், நாலு எட்டு நடந்து பார்த்து வாங்கினேன். அன்று மாலையே அது போதவில்லை. எம்.எஸ்.ஸில் காலையில் இருக்கும் கால் வேறு, மாலையில் இருக்கும் கால் வேறு. பிரேஸ் அந்த மாலைக் காலுக்குத்தான் தேவை.

படி 1: காரணத்தை உறுதி செய்யுங்கள்

எம்.எஸ்.ஸில் பாதத்தைத் தூக்கும் தசைக்கோ, அதற்குப் போகும் நரம்புக்கோ நேரடியாகப் பழுது வருவதில்லை. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வரும் கட்டளைதான் பாதி வழியில் பலவீனமாகிறது. ஆனால் முதுகில் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்தினாலும், முழங்காலின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு நசுங்கினாலும் இதே தொய்வு வரும். எனவே நீங்களாகவே எம்.எஸ்.தான் என்று முடிவு கட்ட வேண்டாம். திடீரென்று வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது ரிலாப்ஸாக, அதாவது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ பழைய பலவீனத்தைக் கிளப்பிவிட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அந்த நிலையில் பிரேஸ் பிறகு, நரம்பியல் மருத்துவர் முதலில்.

படி 2: களைத்த காலைப் படம் பிடியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. 10 மீட்டர் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும்போது ஒரு முறை நடங்கள். அப்புறம் வழக்கமாகக் களைப்பு வரும் தூரம்வரை நடந்துவிட்டு, அதே 10 மீட்டரை மறுபடி நடங்கள். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், இன்னொருவர் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுக்கட்டும். வெயிலில் நடந்த பிறகும் ஒன்று எடுத்தால் நல்லது, உடல் சூடானால் எம்.எஸ். அறிகுறிகள் கூடும். 1890-இல் வில்ஹெல்ம் ஊதாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் விவரித்த விளைவு இது, உடல் குளிர்ந்ததும் அடங்கிவிடும்.

வீடியோவில் பார்க்க வேண்டியவை: விரல்கள் உரசுகின்றனவா? கணுக்கால் உள்பக்கம் திரும்புகிறதா? காலை வெளியே வீசி நடக்கிறீர்களா? ஊன்றும்போது முழங்கால் பின்னோக்கி வளைகிறதா, இல்லை முன்னே மடங்குகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் என்னிடம் முதல் முறை கேட்கவில்லை. பிரேஸ் கணுக்காலில்தான் இருக்கும், ஆனால் முழங்காலையும் அது சேர்த்தே ஆட்டுவிக்கும்.

படி 3: வகையைப் பொருத்திப் பாருங்கள்

தொய்வு லேசாக, தசை இறுக்கம் அதிகம் இல்லாமல் இருந்தால், கணுக்காலில் பட்டை கட்டி ஷூவின் லேஸ் பகுதியோடு மாட்டும் மிருதுவான வகை போதும். எடை குறைவு, வெளியே அவ்வளவாகத் தெரியாது. இறுக்கம் அதிகமானால் இது தாங்காது.

அடுத்தது ஏ.எஃப்.ஓ. எனப்படும் கணுக்கால்-பாத பிரேஸ். கெண்டைக்காலுக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தகடாக வருவது பாதத்தைத் தூக்கிக் கொடுக்கும், பக்கவாட்டுத் திருகலை அவ்வளவாகத் தடுக்காது. கணுக்கால் உள்ளே திரும்பினாலோ இறுக்கம் கடுமையாக இருந்தாலோ கெட்டியான முழு பிளாஸ்டிக் வகை வேண்டியிருக்கும். அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் மாடிப்படியும் சரிவும் கஷ்டமாகும். கார்பன் ஃபைபர் வகை எடை குறைந்தது, அடி எடுக்கும்போது ஸ்பிரிங் போல் கொஞ்சம் தள்ளியும் விடும். அதில் தாங்கும் தகடு காலின் முன்பக்கம் இருந்தால், முன்னே மடங்கும் முழங்காலுக்கு உதவும். பின்னோக்கி வளையும் முழங்காலுக்கு அதுவே கெடுதலாகலாம்.

மின்தூண்டல் கருவியும் உண்டு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கட்டிக்கொண்டால், ஒவ்வொரு எட்டிலும் நரம்பைத் தூண்டிப் பாதத்தைத் தூக்க வைக்கும். கால் நரம்பு நன்றாக இருந்தால்தான் இது வேலை செய்யும், படி 1 அதற்காகவும்தான். பேஸ்மேக்கர், வலிப்பு, கர்ப்பம் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

படி 4: மாலையில் போட்டுப் பாருங்கள்

பிசியோதெரபிஸ்ட், ஆர்த்தோட்டிஸ்ட் (பிரேஸை அளவெடுத்துப் பொருத்துபவர்) இருவரிடமும் வீடியோவைக் காட்டுங்கள். முடிந்தால் பிற்பகலில் நேரம் கேளுங்கள், கால் வீங்கியிருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். உள்ளே இருக்கும் அட்டையை எடுக்கக்கூடிய, வாய் அகலமான ஷூவைக் கொண்டுபோங்கள். பிறகு குதி உயரம் வேறான ஷூவுக்கு மாறினால் பிரேஸின் கோணமும் மாறிவிடும்.

உங்கள் கையாலேயே மாட்டிக் கழற்றிப் பாருங்கள். விரல்கள் மரத்துப்போனவர்களுக்குச் சின்ன கொக்கிகள் தினமும் போராட்டம், அகலமான வெல்க்ரோ எவ்வளவோ மேல். வலது காலில் போடுபவர்கள், பெடலை அதோடு பாதுகாப்பாக மிதிக்க முடியும் என்று உறுதியாகும்வரை கார் ஓட்ட வேண்டாம்.

படி 5: தோலைக் கவனியுங்கள்

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மடிப்பில்லாத நீளமான சாக்ஸ் போடுங்கள். கழற்றியதும் கணு எலும்பு, குதிகால், பாதத்தின் ஓரங்களைப் பாருங்கள், அடிப்பாகத்துக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால் பிரேஸை நிறுத்திவிட்டு ஆர்த்தோட்டிஸ்டிடம் போங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் வலிக்காது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து ஷூவை மறுபடி திருப்பிப் பாருங்கள். முன்நுனி இன்னும் தேய்ந்துகொண்டே போனால், அந்த ஷூவையே கையில் எடுத்துக்கொண்டு திருத்தம் செய்யப் போங்கள்.