எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியா, அரளி அந்துப்பூச்சியா? பிரித்துப் பார்ப்பது எப்படி

பளிச்சென்று இருந்தால் வண்ணத்துப்பூச்சி, மங்கலாக இருந்தால் அந்துப்பூச்சி என்று சொல்வதை நம்பாதீர்கள். அரளி அந்துப்பூச்சியின் இறக்கையில் பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்து கிடக்கும், அவ்வளவு அழகு. இறக்கையை மூடி உட்கார்ந்தால் வண்ணத்துப்பூச்சி என்பதும் சரிவராது, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி காலை வெயிலில் இறக்கையை நன்றாக விரித்துத்தான் குளிர்காயும்.

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு மெல்லிய கொம்பின் நுனி மட்டும் உருண்டு தடித்திருக்கும். அரளி அந்துப்பூச்சிக்கு அந்த உருண்டை கிடையாது, நுனி கூராகிக் கொஞ்சம் வளைந்திருக்கும், உடம்பும் தடிமன். முன்னது பகலில் பறக்கும், பின்னது இருட்டத் தொடங்கியதும் வந்து பூவுக்கு முன்னால் உட்காராமலே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும்.

ஆனால் உண்மையான வித்தியாசம் புழுவிலிருந்து வளர்த்துப் பார்த்தால்தான் புரியும். கறிவேப்பிலை, எலுமிச்சைக் கொழுந்துகளில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பதைத் தேடுங்கள், அதுதான் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் சின்னப் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், நாற்றமும் வரும். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இலைகளில் இருப்பது அந்துப்பூச்சியின் புழு. வாலில் ஒரு கொம்பு, தலைப்பக்கம் நீல வெள்ளையில் இரண்டு பொய்க்கண்கள். இரண்டுமே கொட்டாது. அரளிப்பால் விஷம் என்பதால் இலை பறித்த கையை உடனே கழுவிவிடுங்கள்.

புழு இருந்த செடியின் இலையையே கொடுங்கள், வேறு இலையைத் தின்னாமல் போகலாம். கொப்பைத் தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் புழு உள்ளே இறங்கிச் செத்துவிடும். எலுமிச்சைப் புழுவுக்கு ஒரு குச்சி போதும், இடுப்பைச் சுற்றி ஒரு பட்டிழை கட்டிக்கொண்டு வெளியிலேயே கூட்டுப்புழுவாகும். அரளிப் புழு பழுப்பு நிறமாக மாறி இறங்கி ஓட ஆரம்பித்தால், டப்பாவில் இளக்கமான ஈரமண்ணும் சருகும் போடுங்கள், அதற்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அங்கேயும் சொரசொரப்பான குச்சி ஒன்றை நட்டுவைக்க மறக்காதீர்கள், அந்துப்பூச்சி வெளியே வந்ததும் ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும்.

அப்புறம், கறிவேப்பிலையில் கிடைத்த புழுவிலிருந்து வால் நீண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்தால் குழம்ப வேண்டாம். அது அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு இனம், புழுக்கள் இரண்டும் பெரும்பாலும் ஒத்திருக்கும். இறக்கை நன்றாக இறுகிய பிறகு வண்ணத்துப்பூச்சியை வெயிலிலும் அந்துப்பூச்சியை இருட்டியதும் வெளியே விடுங்கள்.