காற்றைக் கேட்டுப் பூ விதையுங்கள்

விதைப் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மாதங்களைக் குமரி மாவட்டத்தில் நம்ப வேண்டாம். நமக்கு மழை இரண்டு: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. பூதப்பாண்டியில் குடியிருக்கும் எனக்கு அந்த முதல் மழையைவிட அதோடு வரும் காற்றுதான் பெரிய கவலை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போகும் வழியில் என் பாத்திகளையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும். மேற்கே கருங்கலில் இருக்கும் என் நாத்தனாருக்குக் காற்று பொருட்டே இல்லை, ஈரம்தான் எதிரி. ஒரே மாவட்டம் என்றாலும் அவர் விதைக்கும் நாளில் நான் விதைப்பதில்லை.

எங்களைப் போல் கிழக்கே இருப்பவர்கள் முதலில் தடுப்பைப் பாருங்கள். மேற்கே மதில் எழுப்பினால் போதாது. மதிலில் மோதிய காற்று மேலேறிச் சுழன்று, மறுபுறம் செடிகளின் தலையில் விழும். பாதிக் காற்றை உள்ளே விடும் உயிர்வேலியே நல்லது. செம்பருத்தியும் அரளியும் கலந்து நட்டால் வேலியே பூத்துக்கொண்டிருக்கும். அரளி முழுவதும் நஞ்சு. சிறு பிள்ளைகளோ ஆடுமாடோ உள்ள வீட்டில் செம்பருத்தி மட்டும் போதும்.

அடுத்தது ஓணம். அத்தப்பூக் கோலத்துக்கு வீட்டுப் பூ வேண்டுமென்றால் பின்னோக்கி எண்ணுங்கள். கேந்தி (செண்டுமல்லி) விதைத்து 60 முதல் 70 நாளில் பூக்கும். கோலம் திருவோணத்துக்குச் சுமார் பத்து நாள் முந்தைய அத்தத்தன்றே தொடங்குவதால் திருவோணத்தை விட்டுவிட்டு அத்தத்திலிருந்து எண்ண வேண்டும். பெரும்பாலும் வைகாசிக் கடைசியில் வந்து நிற்பீர்கள்; அதாவது, சரியாகக் காற்று கிளம்பும் நேரம். ஆகவே நாற்றைத் தாழ்வாரத்தில் வளர்த்து, ஒரு மாதம் ஆனபின் பாத்திக்கு மாற்றுங்கள். செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பூ சில நாள் தள்ளிப்போகும், ஆனால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி குட்டையாக நிற்கும். காற்றுக்கு அதுதான் வேண்டும். அந்தச் சில நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டுக்கு மரச்சீனிக் (மரவள்ளி) கம்பு வைப்பவர்கள் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வையுங்கள். பச்சைக் கம்பு வேர்விட்டுத் தளிர்த்துவிடும், பிறகு தோட்டம் கேந்திக்கா மரச்சீனிக்கா என்று ஆகிவிடும். வேரடியில் தேங்காய்த் தொண்டு (உரித்த மட்டை) பரப்பினால் காற்று ஈரத்தை உறிஞ்சாது.

பக்கத்திலேயே வாடாமல்லி. அதன் பூ காகிதம் போலிருப்பதால் காற்றில் கசங்குவதில்லை. ஆரஞ்சும் ஊதாவும் ஆயிற்று. வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குத் தெச்சி (இட்லிப்பூ). தெச்சியை மட்டும் சிமெண்டுச் சுவரோரம் நடாதீர்கள். அதற்குப் புளிப்பு (அமில) மண் வேண்டும். சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்பால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் போகும். உரம் கொட்டிப் பயனில்லை, இடம் மாற்றுங்கள்.

ஐப்பசியில் கேந்தியின் வேர் அழுகும். மேட்டுப்பாத்தி இல்லாவிட்டால் பிடுங்கிவிடுங்கள், இரக்கம் வேண்டாம். அப்போது மழை லில்லி பார்த்துக்கொள்ளும். வேலியில் செங்காந்தள் ஏற்றியிருந்தால் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும். அதன் கிழங்கும் கொடிய நஞ்சு, தோண்டினால் கையைக் கழுவுங்கள்.

மழை ஓயும் கார்த்திகைக் கடைசியில் மறுபடியும் கேந்தி விதைத்தால் மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடை (திருவிழா) நேரத்தில் பூத்துக் குலுங்கும். மல்லிகைக்குக் கத்தரி எடுக்கும் காலமும் கார்த்திகைதான். நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுங்கள். குளிர் மாதங்களில் அது எப்படியும் மொட்டு வைக்கத் தயங்கும், தோவாளைப் பூச்சந்தையில் விலை ஏறுவதும் அதனால்தான். வெட்டிய செடி பங்குனியில் பொங்கிவரும். பிச்சியை (ஜாதிமல்லி) அதற்குச் சற்றுப் பின்னால் வெட்டலாம்.

வெயில் காலத்துக்குக் காகிதப்பூ. தினமும் நீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும். இலை சற்றே துவளும்வரை பொறுத்து ஊற்றுங்கள், நிறம் பிடிக்கும்.

சாமந்தி எப்போது என்று கேட்பீர்கள். தோவாளைக்கே அது ஓசூர்ப் பக்கமிருந்து வருகிறது. நான் வளர்ப்பதில்லை, வாங்கிக்கொள்கிறேன்.