கடைத்தெருவைச் சீரமைக்கக் கூட்டு சேருகிறீர்களா?

குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம், பக்கத்துக் கல்லூரி, நன்கொடை தரும் ஒரு கம்பெனி, மாநகராட்சி எல்லாரும் சேர்ந்து பழைய கடைத்தெருவைச் சரிசெய்வது என்று பேசியாகிவிட்டது. முதல் கூட்டத்திலேயே யாராவது பெயர்ப்பலகையில் எந்தச் சங்கத்தின் பெயர் மேலே என்று ஆரம்பிப்பார்கள். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு நோட்டோடு தெருவை இரண்டு தடவை நடந்து, எது யார் பொறுப்பு என்று எழுதுங்கள். சென்னை என்றால் உள்தெரு மாநகராட்சியுடையது, பெரிய சாலை சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையது, பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது, நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துடையது. எங்கள் தெருவில் நடைபாதைக் கல் பதித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, குழாய் மாற்ற வந்து தோண்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கூட்டத்துக்குக் கூப்பிடாதது நாங்கள்தான்.

அடுத்து நடைபாதைக் கடைக்காரர்கள். இவர்களை விட்டுவிட்டு வரைபடம் போட்டால் அது வரைபடமாகவே இருக்கும். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் (ஊரில் தெருக்கடை விஷயங்களைக் கவனிக்கும் குழு) குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் இருக்கட்டும், பூக்காரம்மாவிடம் நேரே போய்க் கேளுங்கள்: எத்தனை மணிக்கு மூட்டை வந்து இறங்குகிறது, தெளிக்கத் தண்ணீர் எங்கிருந்து, மழை வந்தால் எந்தக் கடை வாசலில் ஒதுங்குகிறார். பெஞ்சு எங்கே போடக்கூடாது என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணத்துக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். கம்பெனி பணம் வேண்டுமென்றால் முதலில் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் (1975-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும்), அப்புறம் வருமான வரிப் பதிவு, சி.எஸ்.ஆர்-1 படிவம் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கப் பதிவு செய்யும் படிவம்). நிதியாண்டு முடியும் மார்ச் நெருங்கும்போது பணத்தைச் செலவழித்துவிட வேண்டுமென்று கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள், அந்த அவசரத்தில் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குத் தலையாட்டிவிடாதீர்கள்.

கான்கிரீட் கொட்டும் முன் ஒத்திகை பாருங்கள். பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல் திறக்கப்பட்டது, அதற்கு முன்பே சாலையில் வண்டிகளை விடாமல் தடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். உங்களுக்குச் சவுக்குக் கம்பும் கயிறும் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று சண்டைக்கு வரும் கடைக்காரரிடமே அன்றைய கல்லாவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் அதையும் ஒத்துக்கொண்டு நேரத்தையோ இடத்தையோ மாற்றி இன்னொரு ஞாயிறு பாருங்கள்.

ஒப்பந்தத்தில் முக்கியமான பக்கம் திறப்பு விழாவுக்குப் பிந்தையது. குப்பையை யார் எடுப்பது, விளக்கு எரியாவிட்டால் யாருக்குப் போன் போடுவது, செடிக்கு ஊற்றும் லாரித் தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது. மூன்று வருடத்துக்காவது எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு ஆளின் பெயரையும் போன் நம்பரையும் போட்டு வாங்குங்கள். வெறும் 'தலைவர், செயலாளர்' என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.