நீரிணையில் போர்க்கப்பல்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரு வாக்கியத்தை அடிக்கடி பார்க்கிறேன்: "போர் மூண்டால் கரையோர நாடு நீரிணையை மூடிவிடலாம்." எந்த நீரிணை, யாருக்கும் யாருக்கும் போர் என்று கேட்காமல் இப்படி எழுதவே கூடாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை பற்றிய செய்தி அவர்கள் வயிற்றைக் கலக்கும். அரைகுறையாகச் சொல்லி அச்சத்தைக் கூட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தத் தவறு துருக்கியின் எடுத்துக்காட்டை எல்லா நீரிணைக்கும் பொருத்துவதால் வருகிறது. ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும், 2022 பிப்ரவரி இறுதியில் துருக்கி, கருங்கடலுக்குச் செல்லும் பாஸ்பரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு மூடியது உண்மை. அந்த அதிகாரத்தைத் தந்தது 1936ஆம் ஆண்டின் மான்ட்ரோ உடன்படிக்கை. துருக்கி போரில் இல்லாதபோது, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்கள் அவ்வழியே போகக்கூடாது என்கிறது அதன் 19ஆம் பிரிவு. தாய்த்தளத்திற்குத் திரும்பும் கப்பலுக்கு விலக்கு உண்டு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வணிகக் கப்பல்களை இந்தத் தடை தொடாது. தடையின் வலிமையும் சாதாரணமானதல்ல: 2022 ஏப்ரலில் ரஷ்யப் போர்க்கப்பல் மாஸ்க்வா கருங்கடலில் மூழ்கிய பிறகு, அதற்கு ஈடான கப்பலை இவ்வழியே ரஷ்யாவால் கொண்டுவர முடியவில்லை.

ஹோர்முஸுக்கு அப்படி எந்தத் தனி உடன்படிக்கையும் இல்லை. 1982 கடல் சட்ட உடன்படிக்கைப்படி, பன்னாட்டுக் கப்பல்கள் செல்லும் இத்தகைய நீரிணைகளில் கடந்து செல்லும் உரிமையைக் கரையோர நாடு நிறுத்திவைக்க முடியாது. ஈரான் அதில் கையெழுத்திட்டது, ஆனால் ஏற்புறுதி அளித்து அதன் உறுப்பு நாடாகவில்லை. அமெரிக்கா கையெழுத்தே இடவில்லை. நாடுகளின் நடைமுறையால் உருவான வழக்காற்றுச் சட்டமாகவே இவ்வுரிமை எல்லோருக்கும் உண்டு என்பது அமெரிக்க வாதம். உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே என்பது ஈரான் வாதம். இந்தச் சச்சரவைச் சொல்லாமல் "சட்டம் தெளிவாக இருக்கிறது" என்று முடிப்பவருக்கு நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

அல்பேனியக் கரையோரம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சென்றது பற்றிய கோர்ஃபு கால்வாய் வழக்கைப் போர்க்கால ஆதாரமாகக் காட்டுவது இன்னொரு பிழை. 1949இல் பன்னாட்டு நீதிமன்றம் பேசியது அமைதிக்காலக் கடப்பைப் பற்றி. போர்க்காலத்தில் நடுநிலை நாட்டின் கடற்பகுதியைப் போர்க்கப்பல் வெறுமனே கடந்து சென்றால் அந்நாட்டின் நடுநிலை கெடாது என்பது 1907 ஹேக் விதி. அங்கே நின்று தாக்கினால் கதை வேறு.

பாக் நீரிணையையும் ஹோர்முஸ் போன்றவற்றோடு சேர்த்து எழுதுகிறார்கள்; அதுவும் பிழை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் அந்தக் கடலை இரு நாடுகளின் வரலாற்று நீர்ப்பரப்பு, அதாவது நெடுங்காலமாக அவற்றுக்கே உரிய கடல், என்றே குறிக்கிறது. ஆழமும் குறைவு, பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் நம் கரைக்கு வருகின்றன.