பாலிலைசின் கரைசலில் உப்பு: சுருள் அளவீட்டில் நேரும் தவறுகள்

'உப்பு சேர்த்ததும் 222 நானோமீட்டரில் பள்ளம் விழுந்தது, ஆகவே உப்பு மின்சுமையை மறைத்து, ஆல்பா சுருள் உருவானது.' பெங்களூரு ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் நம் மாணவர்கள் சி.டி. (வட்ட இருநிறத்தன்மை: இடம்புரி, வலம்புரி ஒளியை மாதிரி உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு) வரைபடத்தைப் பார்த்ததும் இப்படித்தான் எழுதிவிடுகிறார்கள். எந்த உப்பு என்பதை யாரும் கேட்பதில்லை.

லைசின் என்ற அமினோ அமிலம் மட்டுமே கோத்த சங்கிலியான பாலி-எல்-லைசினின் பக்கச்சங்கிலிகள் பிஎச் 7-இல் நேர்மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளும். சங்கிலி விறைத்து நீண்டிருக்கும். பிஎச் 10.5-ஐத் தாண்டினால் சுமை குறைந்து ஆல்பா சுருளாகும். தள்ளுவிசை எட்டும் தூரம் 1 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் சுமார் 9.6 நானோமீட்டர், 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டருக்கும் கீழ். அப்படியானால் சாதா உப்பே போதுமே? போதாது. பிஎச் 7-இல் 1 மோலார் சோடியம் குளோரைடு சுருளைத் தராது. அதே அளவு சோடியம் பெர்குளோரேட் தரும். தன்னைச் சுற்றிய நீரை இறுகப் பிடிக்காத அயனி அது. லைசினின் அமோனியம் முனையோடு நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. அதனால் பெர்குளோரேட் அளவீடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே செறிவில் குளோரைடு அளவீடு ஒன்று கட்டாயம். குளோரைடு 200 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கும். அங்கே சோடியம் புளோரைடு உதவும், ஆனால் அது 1 மோலாருக்கு மேல் கரையாது. தயோசயனேட்டும் நைட்ரேட்டும் 222-ஐயே மறைத்துவிடும்.

பிஎச் 10 அருகே வேலை செய்பவர்களுக்கு வேறொரு கண்ணி. உப்பு கூடினால் லைசினின் தோற்ற பிகேஏ (பாதிப் பக்கச்சங்கிலிகள் சுமை இழக்கும் பிஎச்) உயரும், அதாவது அதே பிஎச்-இல் சங்கிலியின் சுமையும் கூடும். மறைப்பும் சுமையும் சேர்ந்தே மாறுவதால் தனி பிஎச்-இல் எடுத்த ஒரு புள்ளியை நம்ப முடியாது. ஒவ்வொரு உப்புச் செறிவிலும் முழு பிஎச் வரிசை எடுங்கள்.

எடையில் நடக்கும் தவறு இன்னும் எளியது, இன்னும் பெரியது. புட்டியில் வருவது ஹைட்ரோபுரோமைடு உப்பு. லைசின் அலகின் நிறை 128; புரோமைடோடு 209. எடைபோட்ட தூளில் 39 சதவீதம் பாலிபெப்டைடே அல்ல. அதைக் கழிக்காமல் கணக்கிட்டால், 222 நானோமீட்டரில் சி.டி. அளவு (ஓர் அலகுக்கான மோலார் நீள்வட்டத்தன்மை) உண்மையில் −36,000 இருக்கும் சுருள் −22,000 என்று தெரியும். 'பாதிக்குச் சற்று மேல்தான் சுருள்' என்று கட்டுரையும் வந்துவிடும். பெர்குளோரேட் புட்டியையும் பாருங்கள்: சோடியம் பெர்குளோரேட்டின் மோலார் நிறை நீரற்றதில் 122.4, ஒற்றை நீரேற்றில் 140.5.

பொட்டாசியத்தைக் கிட்டே சேர்க்காதீர்கள். பொட்டாசியம் பெர்குளோரேட் சரியாகக் கரையாது, குளிர்ந்தால் இன்னும் மோசம். 50 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரில் 1 மோலார் பெர்குளோரேட்டை ஊற்றினால் வெண்படிவு விழும். சிதறும் ஒளி சி.டி. குறியைத் தட்டையாக்கும். 350 நானோமீட்டரில் உறிஞ்சல் தெரிந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். பிஎச் எலக்ட்ரோடிலும் இதே தொல்லை: உள்ளே நிரப்பிய 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கசியுமிடத்திலேயே படிவு அடைத்துக்கொள்ள, அளவு நிலைகொள்ளாமல் நகரும். இரட்டைச் சந்தி எலக்ட்ரோடு எடுத்து, வெளி அறையில் சோடியம் குளோரைடு நிரப்புங்கள்.