ஹனுக்கா: விளக்கேற்றுவதில் நடக்கும் தவறுகள்

ஹனுக்காவை 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்றோ 'யூதர்களின் தீபாவளி' என்றோ ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இரண்டும் பொருந்தாது. யூத சமயத்தில் இது சிறிய பண்டிகைதான். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் போல வேலைக்குத் தடையெல்லாம் கிடையாது. பரிசுப் பொட்டலங்கள் குவிவது பெரும்பாலும் அமெரிக்க வழக்கம். எப்போதும் டிசம்பரில்தான் வரும் என்பதும் தவறு. யூத நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் அது. 2013இல் நவம்பர் 27 மாலையே தொடங்கிவிட்டது. ஆம், மாலையில்தான், அவர்களுக்கு நாள் பிறப்பதே சூரியன் மறையும்போது.

கதையிலும் ஒரு பிசகு உண்டு. மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் எதிர்த்தது ரோமர்களை அல்ல, சிரியாவை ஆண்ட கிரேக்க வம்சமான செலூக்கியரின் அரசன் நான்காம் அந்தியோக்கஸை. கி.மு. 164இல் எருசலேம் கோயிலை மீட்டுத் தூய்மைப்படுத்தியதன் நினைவுதான் இந்த எட்டு நாள். அப்போது ஒரு நாளுக்கான விளக்கெண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது மரபுக் கதை.

அதிகம் தவறுவது விளக்கில்தான். கோயிலில் இருந்தது ஏழு கிளை விளக்கு, ஹனுக்காவுக்கு ஒன்பது. எட்டு நாளுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்ற ஒன்று. அந்த ஒன்பதாவது 'ஷமாஷ்', பொதுவாகச் சற்று உயரத்தில் இருக்கும். முதல் நாளே எட்டையும் ஏற்றிப் படம் போடுகிறவர்கள் உண்டு. நாளுக்கு ஒன்றாகக் கூட்ட வேண்டும். மெழுகுவர்த்தியை வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக அடுக்கி, ஏற்றும்போது புதிதாக வைத்த இடக்கோடி வர்த்தியில் தொடங்கி வலப்பக்கம் போவார்கள். தினமும் ஏற்றும் ஷமாஷையும் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டு நாளுக்கும் மொத்தம் 44. கடையில் விற்கும் பெட்டியிலும் அத்தனைதான் இருக்கும்.

அந்த வெளிச்சத்தில் புத்தகம் படிப்பது, வேலை பார்ப்பது கூடாது. அது பார்ப்பதற்கு மட்டும். வெளியே போகிறவர்களும் பார்க்கட்டும் என்றுதான் ஜன்னலோரம் வைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கூடுதல் கவனம் தேவை. பொழுது சாய்ந்ததும் யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள் தொடங்கிவிடும்; பிறகு தீ மூட்டக்கூடாது. ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வுநாள் விளக்கு. இருட்டிய பிறகும் அரை மணி நேரம் ஹனுக்கா விளக்கு எரிய வேண்டும் என்பதால் பெட்டியில் வரும் பென்சில் கனத்து வர்த்தி போதாது. பெரிய வர்த்தியோ நிறைய எண்ணெயோ வேண்டும்.

சாப்பாடு என்றால் லாட்கே என்ற பொரித்த உருளைக்கிழங்கு அடை மட்டுமல்ல. இஸ்ரேலில் ஜாம் வைத்த டோனட்டான சுஃப்கானியோத், மொராக்கோ யூதர்களிடம் வளையமாகப் பொரித்த ஸ்ஃபெஞ்ச். அந்த எண்ணெய்க் கதையின் நினைவாக எண்ணெயில் பொரிய வேண்டும், அவ்வளவுதான். யூத நண்பர்களை நீங்கள் விருந்துக்கு அழைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: லாட்கேவுக்குப் புளித்த கிரீம் தொட்டுக்கொள்வார்கள், ஆனால் இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. மேசையில் இறைச்சி இருந்தால் ஆப்பிள் சாஸ் வையுங்கள்.