சிகரெட்டை நிறுத்த மருத்துவ உதவி: முதல்முறை போகிறவர்களுக்கு

17 வருடம் புகைத்தேன். நானாகவே நிறுத்திப் பார்த்தது நான்கு முறை. அதிகம் தாங்கியது ஒன்பது நாள். ஐந்தாவது முறை மருத்துவரிடம் போனேன்; விட்டு இப்போது இரண்டு வருடம் ஆகிறது. போவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். சிகரெட் ஏன் கெடுதல் என்ற பேச்சு வேண்டாம், இதைத் தேடி வந்தவருக்கு அது தெரியும்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒவ்வொரு சிகரெட்டையும் நேரத்தோடு எழுதுங்கள். செயலிகள் இருக்கின்றன, ஆனால் எனக்குப் பிடித்தது பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்த துண்டுக் காகிதம்தான். திறக்கும்போதெல்லாம் விரலில் தட்டுப்படும், மறக்காது. தூங்கி எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதைக் கட்டாயம் குறியுங்கள். உடம்பு நிகோடினுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை மருத்துவர் பெரும்பாலும் அதை வைத்துத்தான் கணிப்பார்.

படி 2: எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்

“ஒரு நாளைக்கு எத்தனை?” என்று கேட்டதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. “எட்டு, பத்து இருக்கும்” என்றேன். சட்டைப்பையில் இருந்த காகிதத்தில் 18 என்று இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவே இல்லை.

விளைவு என்ன? நிகோடின் பேட்ச்சை (தோலில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை) பொதுவாக நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் 21 மி.கி.யிலும், அதற்குள் என்றால் 14 மி.கி.யிலும் தொடங்குவார்கள். எனக்கு 14 எழுதித் தந்தார். மூன்று நாள் தூக்கமில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நான்காம் நாள் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அளவை மாற்றினார், அவ்வளவுதான்.

எடுத்துக்கொள்ளும் மற்ற மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். புகையை நிறுத்தியதும் தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு), க்ளோசபின் (மனநோய்க்கு) போன்ற சில மருந்துகள் ரத்தத்தில் கூடும். அளவைக் குறைக்க வேண்டிவரும். முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

படி 3: மருந்தைத் தேர்ந்தெடுப்பது

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நிகோடின் மாற்று சிகிச்சை (பேட்ச், நிகோடின் சூயிங்கம் போன்றவை), மாத்திரைகளான வரெனிக்லின், புப்ரோபியான், சைட்டிசின் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. வரெனிக்லினை வழக்கமாக, நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவார்கள். குமட்டும் என்பதால் சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்கு புப்ரோபியான் கூடாது. எனக்கு ஒத்துவந்தது பேட்ச்சும் சூயிங்கமும் சேர்ந்துதான். பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராக நிகோடின் தரும். திடீரென்று வரும் தவிப்புக்குச் சூயிங்கம். ஒன்றை மட்டும் நம்புவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இந்த இரட்டை முறையைப் பற்றி நீங்களே கேளுங்கள்.

படி 4: சூயிங்கம் (நிதானமாகப் படியுங்கள்)

முன்பு ஒருமுறை நான் சிகரெட்டுக்குத் திரும்பியது இதனால்தான். சாதாரண சூயிங்கம் போலக் கடகடவென்று மென்றேன். தொண்டை எரிந்தது, விக்கல் நிற்கவில்லை, வயிற்றைப் புரட்டியது. “இது நமக்குச் சரிப்படாது” என்று தூக்கிப் போட்டேன்.

நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குத்தான் தொல்லை. அதனால் மெதுவாக மெல்லுங்கள். மிளகைக் கடித்தது போல ஒரு காரமோ குறுகுறுப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அந்தக் காரம் அடங்கும். மறுபடி சில கடி, மறுபடி ஒதுக்கல், இந்த முறை வேறு பக்கம். இப்படி அரை மணி நேரம். காபி, பழச்சாறு, குளிர்பானம் எதுவும் 15 நிமிடம் முன்பிருந்தே வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவர் என்றால் 4 மி.கி., இல்லையென்றால் 2 மி.கி. தவிப்பு உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்காதீர்கள். முதல் சில வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எடுங்கள், ஒரு நாளில் 24ஐத் தாண்டக் கூடாது.

படி 5: இரண்டாவது சந்திப்பு

நிறுத்திய முதல் வாரத்துக்குள் அடுத்த சந்திப்பை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் உடம்பு அதிகம் படுத்தும். என் ஆலோசகர் ஒரு சிறு கருவியில் ஊதச் சொன்னார். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடைக் காட்டும். முதல் நாள் 22 காட்டியது, அடுத்த வாரம் 3. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரில் போக முடியாதவர்கள் தொலைபேசி ஆலோசனையைத் தேடுங்கள், பல நாடுகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்ட மூன்று விஷயங்கள்

பேட்ச் போட்டால் விசித்திரமான கனவுகள் வருகின்றன என்றார் ஒருவர். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, படுக்கும் முன் கழற்றிப் பாருங்கள். தினம் ஒரே இடத்தில் ஒட்டாதீர்கள், தோல் அரிக்கும்.

காபி குடித்தால் படபடக்கிறது என்று இன்னொருவர். புகை நின்றதும் உடம்பு காஃபினை மெதுவாகத்தான் வெளியேற்றும், பழைய அளவே இப்போது அதிகமாகிவிடும். பாதியாகக் குறையுங்கள். நான் இதைத் தெரியாமல் பத்து நாள் அவதிப்பட்டேன்.

மூன்றாவது: “நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன், எல்லாம் போச்சா?” போகவில்லை. பேட்ச்சைக் கழற்றி எறியாதீர்கள், மிச்சப் பெட்டியைத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள், அன்றைக்கே உங்கள் ஆலோசகருக்குப் போன் போட்டு எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு இருந்தபோது என்று சொல்லுங்கள்.